மூவர் குழுவுக்குக் கிட்: எங்கிருந்து தொடங்குவது?

ஹார்பர் லைன் பயணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வசிக்கிறேன். வாஷியில் உணவுப் பொருள் மொத்த வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த நான், இப்போது அங்கே பில் போடும் மென்பொருளையும் சேர்த்துக் கவனித்து வருகிறேன். படித்தது பி.காம்.; பைத்தானை வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டேன். இந்த நிரலில் என்னைத் தவிர இன்னும் இருவர் கைவைக்கிறார்கள். ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார். மற்றவர் தாணேயிலிருந்து பகுதிநேரமாகச் செய்து தருகிறார்.

நிரல் முழுவதும் அலுவலகத்தின் பகிர்வுக் கோப்புறை ஒன்றில் இருக்கிறது. பெரிய மாற்றம் ஏதேனும் செய்வதற்கு முன் அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, பெயரில் தேதியைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். இந்த ஏற்பாடு ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோதுதான் இடித்தது. நெய், வெண்ணெய், பாக்கெட்டில் வரும் நம்கீன் போன்றவை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நான் விகிதங்கள் உள்ள கோப்பைத் திருத்திப் பகிர்வுக் கோப்புறையில் வைத்தேன். தாணே நண்பரோ தம் கணினியில் இருந்த பழைய நகலில் பில்லின் அச்சு வடிவத்தைச் சரிசெய்து, முழுக் கோப்புறையையும் அன்று மாலையே அதன் மேல் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் நெய் பில்கள் மறுபடியும் 12 சதவீதத்தில் வெளியேறின. கிரெடிட் நோட் போட்டு, ஒவ்வொரு கடைக்காரருக்கும் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதற்குத் தீர்வு பதிப்புக் கட்டுப்பாடுதான், அதாவது யார் எதை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் கிட் போன்ற மென்பொருள்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். காணொளிகளைத் திறந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே கிளை, ரீபேஸ், புல் ரிக்வெஸ்ட் என்று எங்கோ போய்விடுகிறார்கள். கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றா, வேறு வேறா என்பதே எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. மூன்றே பேர் உள்ள குழுவுக்கு இது தேவைக்கு மீறிய ஏற்பாடாகிவிடுமா? எதை முதலில் கற்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்? வேலையில் சில பகுதிகளை இணையம் இல்லாத நேரத்திலும் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு இது ஒத்துவருமா? அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கிங்ஸ் சர்க்கிள்காரர் எழுதியது:

வணக்கம். கிட் என்பது உங்கள் கணினியில் ஓடும் ஒரு மென்பொருள். கிட்ஹப் என்பது, கிட் ரெப்போக்களை, அதாவது கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்த தொகுப்புகளை, இணையத்தில் வைத்துக்கொள்ள இடம் தரும் ஒரு சேவை. 2008இல் தொடங்கப்பட்டது, 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. கிட்லேப், பிட்பக்கெட் என்று அதே வேலையைச் செய்யும் வேறு சேவைகளும் உண்டு. இவற்றில் எதிலும் கணக்குத் தொடங்காமலே கிட்டை முழுமையாகப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் அப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் கற்பவர்களுக்கு வரும் குழப்பத்தில் பாதிக்கு மேல் கடவுச்சொல், டோக்கன், புஷ் செய்ய (அதாவது இணையத்துக்கு அனுப்ப) முடியவில்லை என்ற வகையைச் சேர்ந்தது. அதற்கும் பதிப்புக் கட்டுப்பாட்டின் அடிப்படைக்கும் தொடர்பே இல்லை.

கிளை, ரீபேஸ் எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் கோப்பு மூன்று இடங்களில் இருக்க முடியும் என்பதை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, நீங்கள் திறந்து திருத்தும் வேலைக் கோப்புறை. இரண்டாவது, அடுத்த பதிவில் எவையெல்லாம் சேர வேண்டும் என்று நீங்கள் எடுத்து வைக்கும் இடம். இதை ஸ்டேஜிங் என்பார்கள். மூன்றாவது, பதிவுகள் நிலையாகச் சேமிக்கப்படும் ரெப்போ. அது உங்கள் கோப்புறைக்குள்ளேயே புள்ளியில் தொடங்கும் பெயருடைய ஒரு மறைவுக் கோப்புறையாக உட்கார்ந்திருக்கும். கிட் ஆட் என்ற கட்டளை முதல் இடத்திலிருந்து இரண்டாவதற்கும், கிட் கமிட் என்பது இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் கொண்டுசெல்கின்றன. பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை, இந்த மூன்றில் எது எங்கே நிற்கிறது என்பதைத்தான் தம் பாஷையில் சொல்கின்றன.

நடுவில் எதற்கு அந்த ஸ்டேஜிங் என்று எல்லாரும் கேட்பார்கள். உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நெய்யின் வரி விகிதத்தை மாற்ற உட்கார்ந்தீர்கள். இடையில் பில் தொகையைப் பைசா இல்லாமல் முழு ரூபாய்க்குச் சரிசெய்யும் வேறொரு கோப்பில் ஒரு பிழை கண்ணில் பட, அதையும் திருத்திவிட்டீர்கள். இப்போது கிட் ஸ்டேட்டஸ் என்று அடித்தால் இரண்டு கோப்புகளும் மாறியிருப்பதாகக் காட்டும். கிட் டிஃப் என்று அடித்தால், நீக்கிய வரி கழித்தல் குறியோடும் சேர்த்த வரி கூட்டல் குறியோடும் தெரியும்:

- நெய்_வரி = 12
+ நெய்_வரி = 5

இதில் விகிதக் கோப்பை மட்டும் ஆட் செய்து ஒரு கமிட், பிறகு முழு ரூபாய்த் திருத்தத்தை ஆட் செய்து இன்னொரு கமிட் என்று பிரித்துப் பதியுங்கள். நாளை முழு ரூபாய்த் திருத்தம் தவறு என்று தெரிந்தால், வரி மாற்றத்தைத் தொடாமல் அதை மட்டும் திரும்பப் பெற முடியும். இரண்டையும் ஒரே கமிட்டில் போட்டிருந்தால் அந்த வசதி போயிற்று. நகலெடுத்துத் தேதி போட்ட கோப்புறையில் கிடைக்காதது இதுதான்: அங்கே அந்த நாளில் நடந்த எல்லாமே ஒரே மூட்டை, அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

கமிட் செய்யும்போது எழுதும் குறிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். “திருத்தம்”, “மாற்றம் 2” என்று எழுதப்பட்ட வரலாற்றை ஆறு மாதம் கழித்து யாராலும் படிக்க முடியாது. முதல் வரியை ஏறத்தாழ 50 எழுத்துகளுக்குள் முடித்து, ஒரு வெற்று வரி விட்டு, அதன் கீழே காரணத்தை எழுதுவது நெடுநாள் வழக்கம். “நெய், வெண்ணெய், நம்கீன் வரி 5 ஆக மாற்றம்” என்பது முதல் வரியாக இருக்கலாம். “22-09-2025 முதல் நடைமுறை, அதற்கு முந்தைய பில்களின் திரும்பல்களுக்குப் பழைய விகிதமே பொருந்தும்” என்பது கீழே வரலாம். என்ன மாறியது என்பதை டிஃப் காட்டிவிடும், ஏன் மாறியது என்பதை நீங்கள் எழுதினால்தான் உண்டு. தமிழிலேயே எழுதலாம், கிட்டுக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்தில் திட்டத்தின் எல்லாக் கோப்புகளும் எப்படி இருந்தன என்பதன் முழுப் பதிவு. அதோடு எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், நேரம், இதற்கு முந்தைய கமிட் எது என்பது ஆகியவையும் சேர்கின்றன. இவை அனைத்திலிருந்தும் கணக்கிட்டு எடுக்கப்படும் 40 எழுத்து அடையாள எண் ஒன்று அந்தக் கமிட்டுக்குப் பெயராகிறது. முதல் ஏழு எழுத்துகளைச் சொன்னாலே பெரும்பாலும் போதும். உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும், அதைத் தொடர்ந்து வரும் கமிட்டுகளின் எண்களும் மாறிவிடும். ஆகவே, பழைய பதிவை ஓசைப்படாமல் திருத்திவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்க முடியாது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வாரத்துக்கு, ரெப்போவைத் தொடங்கும் இனிட், பிறகு ஸ்டேட்டஸ், டிஃப், ஆட், கமிட், பழைய கமிட்டுகளைப் பட்டியலிடும் லாக் ஆகியவை போதும். தொடங்கும் முன் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் அமைப்பில் பதிந்துகொள்ளுங்கள்; இல்லாவிட்டால் யார் மாற்றினார் என்ற கேள்விக்கே விடை கிடைக்காது. டிஃபைப் படிக்காமல் கமிட் செய்வதில்லை என்ற ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.


பழைய சயான்வாசி எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. இணையம் இல்லாமல் வேலை நடக்குமா என்ற கேள்விக்கும், மூவருக்கு இது அதிகமா என்ற கேள்விக்கும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் இவ்விரண்டும் கிட் பிறந்த காரணத்தோடு சம்பந்தப்பட்டவை.

நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் பதிப்புக் கட்டுப்பாடு என்றால் சிவிஎஸ்தான். அதற்கும் முன்னால் 1970களில் பெல் ஆய்வகத்தில் எஸ்சிசிஎஸ் எழுதப்பட்டது, 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து ஆர்சிஎஸ் வந்தது. ஆர்சிஎஸ்ஸில் ஒருவர் ஒரு கோப்பைப் பூட்டு போட்டு எடுத்துக்கொண்டால் மற்றவர் அவர் விடும்வரை காத்திருக்க வேண்டும். அவர் பூட்டை எடுக்க மறந்து ஊருக்குப் போய்விட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். சிவிஎஸ் அந்தப் பூட்டிலிருந்து விடுவித்தது. ஆனால் வரலாறு முழுவதும் ஒரே ஒரு சர்வரில்தான் இருக்கும். நம் கணினியில் இருப்பது அன்றைய நிலையின் நகல் மட்டுமே. பழைய பதிவைப் பார்க்க வேண்டுமானாலும், புதிதாகப் பதிய வேண்டுமானாலும் சர்வரோடு இணைப்பு வேண்டும்.

2005 ஜூலை 26 அன்று மும்பையில் இருந்தவர்கள் யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மிட்டி ஆற்றை ஒட்டிய குர்லா பகுதியில், நான் அப்போது வேலை செய்த அலுவலகத்தின் சர்வர் அறை தரைத்தளத்தில் இருந்தது, மாற்று நகல் எடுத்த டேப்புகளும் அதே அறை அலமாரியில் இருந்தன. தண்ணீர் இறங்கிய பிறகு எங்களுக்கு மிஞ்சியது, வீட்டிலும் மேல்தளத்திலும் இருந்த கணினிகளில் கிடந்த கடைசி நகல்கள்தாம். நிரல் பிழைத்தது, அதன் பல ஆண்டு வரலாறு போய்விட்டது. எந்த வாடிக்கையாளருக்காக நிரலின் எந்த வரியை ஏன் மாற்றினோம் என்பதை அதன் பிறகு ஆள்களின் ஞாபகத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

கிட் பிறந்ததும் அதே ஆண்டுதான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழுவினர் பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற தனியுரிமை மென்பொருளின் இலவச அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டதால், லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் மாதத்தில் அதை எழுதத் தொடங்கினார். பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் அவர் ஒப்படைத்ததும் ஜூலை 26 அன்றே. தற்செயல்தான் என்றாலும், அந்தத் தேதியைக் கண்டபோது எனக்குச் சற்றே திக்கென்றது. கிட்டில் ஒரு ரெப்போவை குளோன் செய்யும், அதாவது தம் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளும், ஒவ்வொருவரிடமும் வழக்கமாக முழு வரலாறும் வந்து சேர்ந்துவிடும். உங்கள் குழுவில் மூவர் என்றால் மூன்று கணினிகளிலும், மையமாக ஒன்று வைத்தால் அதிலும், வரலாறு முழுமையாக இருக்கும். ஆகவே கமிட் செய்வது, பழைய பதிவுகளைப் பார்ப்பது, ஒப்பிடுவது எல்லாம் இணையம் இல்லாமலே நடக்கும். மற்றவர்களோடு பரிமாறிக்கொள்ளும் குளோன், அவர்கள் மாற்றங்களை வாங்கும் ஃபெட்ச், புல், நம்முடையதை அனுப்பும் புஷ் ஆகியவற்றுக்கு மட்டும் இணைப்பு வேண்டும். வாஷி பாலத்தின் மேல் சிக்னல் போனாலும் உங்களால் கமிட் செய்ய முடியும். காலை நேர ஹார்பர் லைன் ரயிலில் மடிக்கணினியைத் திறக்க இடம் கிடைக்குமா என்பதை நான் கேட்கப்போவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கமிட் செய்துவிட்டேன், ஆகவே பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். புஷ் செய்யாத கமிட் உங்கள் ஒரே வன்தட்டில்தான் இருக்கிறது, அது கெட்டுப்போனால் அதுவும் போகும். மாலையில் கிளம்பும் முன் புஷ் செய்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூவருக்கு இது அதிகமில்லை, ஒருவருக்கே வேண்டியதுதான்.


முலுண்ட் நிரலர் எழுதியது:

கிங்ஸ் சர்க்கிள் நண்பரோடு ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். கிளையை, அதாவது முதன்மை நிரலைத் தொடாமல் தனியே வேலை செய்யும் வழியை, தள்ளிப்போடலாம் என்கிறார். தனியாக எழுதுபவருக்கு அது சரி; இவர்களுடைய சிக்கலே மூவர் ஒரே நிரலில் கைவைப்பதால் வந்தது, ஆகவே ஒருவர் மாற்றத்தோடு மற்றவர் மாற்றத்தைச் சேர்க்கும் இணைப்பு எப்படி நடக்கிறது என்பதை இரண்டாவது வாரத்திலாவது பார்த்தாக வேண்டும். இன்னொன்று, கட்டளைகளைத் தட்டச்சு செய்துதான் கற்க வேண்டும் என்று விடாப்பிடியாக இருக்கத் தேவையில்லை. நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில் உள்ள சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியில் டிஃபைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படிப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. எந்தப் பொத்தான் எந்தக் கட்டளைக்கு நிகர் என்பது தெரிந்திருந்தால் போதும்.

அந்த நெய் பில் விவகாரம் கிட்டில் எப்படி நடந்திருக்கும் என்று படிப்படியாகப் பார்ப்போம். நீங்கள் 5 சதவீத மாற்றத்தை கமிட் செய்து மைய ரெப்போவுக்குப் புஷ் செய்துவிட்டீர்கள். தாணே நண்பர் அதை அறியாமல் தம் பழைய நகலின் மேல் அச்சு வடிவத்தைத் திருத்தி, கமிட் செய்து, மாலையில் புஷ் செய்கிறார். கிட் மறுத்துவிடும். மையத்தில் அவரிடம் இல்லாத ஒரு கமிட் இருக்கிறது, முதலில் அதைப் புல் செய்து இணைத்துக்கொள் என்று சொல்லும். பகிர்வுக் கோப்புறை ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கிக்கொண்ட அதே செயலை கிட் வாசலிலேயே நிறுத்துகிறது.

அவர் புல் செய்யும்போது நடப்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கிட் இரண்டு நகல்களை மட்டும் ஒப்பிட்டு எது புதியது என்று ஊகிப்பதில்லை. இருவரும் பிரிவதற்கு முன் பொதுவாக இருந்த கமிட்டையும் எடுத்துக்கொண்டு மூன்றையும் ஒப்பிடுகிறது. பொதுவான நிலையில் நெய் 12. உங்கள் பக்கத்தில் 5. அவர் பக்கத்தில் 12. அவர் அந்த வரியைத் தொடவே இல்லை, மாற்றியது நீங்கள் மட்டுமே என்பது அதற்குத் தெரிகிறது, எனவே 5ஐ வைத்துக்கொள்கிறது. அச்சு வடிவக் கோப்பில் மாற்றியது அவர் மட்டுமே, ஆகவே அவருடையதை எடுத்துக்கொள்கிறது. யாரையும் எதுவும் கேட்காமல் இரண்டு வேலைகளும் சேர்ந்துவிடும். உங்களுக்கு நேர்ந்த இழப்பு, மோதல் என்ற நிலைக்கே வராமல் தீர்ந்திருக்கும்.

மோதல் வருவது, இருவரும் ஒரே வரியை அல்லது அடுத்தடுத்த வரிகளை வெவ்வேறு விதமாக மாற்றும்போதுதான். நீங்கள் 12ஐ 5 ஆக்கினீர்கள். அவரோ அதே வரியை, பில்லின் தேதியைப் பார்த்து விகிதத்தைத் தரும் ஒரு செயற்கூறாக (ஃபங்ஷன்) மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இணைக்கும்போது கோப்புக்குள் இப்படித் தெரியும்:

<<<<<<< ஹெட்
நெய்_வரி = விகிதம்("நெய்", பில்_தேதி)
=======
நெய்_வரி = 5
>>>>>>> மையம்

நடுக்கோட்டுக்கு மேலே இருப்பது அவருடையது, கீழே இருப்பது வந்து சேர்ந்தது. முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டதாகப் பதறுவார்கள். எதுவும் உடையவில்லை, இதை என்னால் முடிவு செய்ய இயலாது, நீயே பார்த்துச் சொல் என்று கிட் ஒதுங்கி நிற்கிறது. இந்த இடத்தில் கணக்கு தெரிந்தவரின் தலையீடு வேண்டும். பழைய பில்லுக்குப் பொருள் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் 12 சதவீதமே போக வேண்டும் என்பதால், மேலே உள்ள வரிதான் சரி. ஆனால் அந்தச் செயற்கூறு செப்டம்பர் 22 முதல் 5ஐத் தருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை ஏற்க வேண்டும். முடிவு செய்தபின் குறியீட்டு வரிகள் மூன்றையும் நீக்கி, கோப்பைச் சேமித்து, ஆட் செய்து, கமிட் செய்தால் முடிந்தது. நடுவில் குழம்பிப்போனால் கிட் மெர்ஜ் அபார்ட் என்ற கட்டளை இணைப்பைத் தொடங்குவதற்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

மோதல் வரவில்லை என்பதாலேயே நிரல் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. நீங்கள் ஒரு செயற்கூறின் பெயரை மாற்ற, அவர் வேறொரு கோப்பில் பழைய பெயரிலேயே அதை அழைத்திருந்தால், கிட் மகிழ்ச்சியோடு இணைத்துக் கொடுக்கும், நிரல் ஓடாது. இணைத்த பிறகு ஒருமுறை ஓட்டி, நான்கைந்து மாதிரி பில்களையாவது போட்டுப் பாருங்கள்.

கிளை என்பது உள்ளுக்குள் ஒரு கமிட்டின் அடையாள எண்ணைச் சுட்டும் சிறு பதிவு, அவ்வளவே. திட்டம் முழுவதையும் அது நகலெடுப்பதில்லை, ஆகவே கிளை உருவாக்கக் கணமும் ஆகாது, இடமும் பிடிக்காது. மெயின் எனப்படும் முதன்மைக் கிளையில் இருப்பது எப்போதும் கவுன்டரில் ஓடக்கூடிய நிலையில் இருக்கட்டும். புதிய வேலையை வேறு கிளையில் செய்து, ஓரிரு நாளில் இணைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் இணைக்காமல் விட்ட கிளைதான் பின்னால் தலைவலி தரும். புஷ் மறுக்கப்பட்டால் ஃபோர்ஸ் என்று சேர்த்து அடி, போய்விடும் என்று இணையத்தில் யாராவது சொல்வார்கள். பொதுக் கிளையில் அதைச் செய்தால், பழைய கோப்புறையை மேலே போட்டதற்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. தாணே நண்பரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.


ஹார்பர் லைன் பயணி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொதுவான நிலையையும் சேர்த்து மூன்றையும் ஒப்பிடுகிறது என்ற விளக்கத்துக்குப் பிறகுதான் எனக்கு இதன் மேல் நம்பிக்கை வந்தது. எங்கள் நிரலில் தொடங்கிவிட்டோம், கிட்ஹப்பில் தனிப்பட்ட ரெப்போ ஒன்றில் வைத்திருக்கிறோம். இப்போது வேறு சில ஐயங்கள் எழுந்துள்ளன. ஒரு கமிட்டைத் திரும்பப் பெற ரிவர்ட், ரீசெட் என்று இரண்டு வழிகள் சொல்கிறார்கள், எது எப்போது? தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்பு முதல் கமிட்டிலேயே உள்ளே போய்விட்டது. அடுத்த கமிட்டில் அதை நீக்கிவிட்டோம், அது போதுமா? தமிழில் பெயர் வைத்த கோப்புகளை ஸ்டேட்டஸில் பார்த்தால் எண்களும் சாய்கோடுகளுமாகத் தெரிகின்றன. தாணே நண்பர் உபுண்டு லினக்ஸ் வைத்திருக்கிறார், நாங்கள் விண்டோஸ். அவர் ஒரு வரியை மாற்றினால் கோப்பு முழுவதுமே மாறியதாகக் காட்டுகிறது.


கிங்ஸ் சர்க்கிள்காரர் எழுதியது:

கடவுச்சொல்தான் அவசரம், அதை முதலில் பாருங்கள். நீக்கியது போதாது. முதல் கமிட்டில் அது இருந்த நிலை அப்படியே வரலாற்றில் இருக்கிறது, ரெப்போவை குளோன் செய்யும் எவரும் அதைப் படிக்க முடியும். வரலாற்றைத் திருத்தி எழுதக் கருவிகள் உண்டு, ஆனால் ஏற்கெனவே குளோன் செய்தவர்களின் கணினிகளில் உள்ளதை அவை தொடாது. ஆகவே தரவுத்தளத்தில் கடவுச்சொல்லையே இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பழையது யார் கண்ணில் பட்டாலும் பயன்படாது. புதியதை கிட்டுக்குள் விடாத தனிக் கோப்பில் வைத்து, அதன் பெயரைக் கிட்இக்னோர் கோப்பில், அதாவது கிட் கவனிக்க வேண்டாதவற்றின் பட்டியலில், சேர்த்துவிடுங்கள். அந்தப் பட்டியல் இதுவரை கிட் கண்காணிக்காத கோப்புகளைத்தான் ஒதுக்கும். ஏற்கெனவே கமிட்டில் சேர்ந்துவிட்ட கோப்பை அதில் எழுதினால் ஒன்றும் ஆகாது. அத்தகைய கோப்பை கிட் ஆர்எம் என்ற கட்டளையைக் கேச்டு என்ற தேர்வோடு கொடுத்து முதலில் கண்காணிப்பிலிருந்து எடுக்க வேண்டும். கோப்பு உங்கள் கோப்புறையில் இருக்கும். மற்ற இருவரும் புல் செய்யும்போது அவர்கள் கோப்புறையிலிருந்து அது அழிந்துவிடும், ஆகவே முன்கூட்டியே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் விவரம் உள்ள எக்செல் கோப்புகளையும் வெளியே வையுங்கள். அந்தரங்கம் ஒரு காரணம். மற்றொன்று, எக்செல் கோப்பில் எந்தக் கட்டம் மாறியது என்பதை டிஃப் காட்டாது, மோதல் வந்தால் வரிவரியாக இணைக்கவும் முடியாது. விகிதப் பட்டியலை மட்டும் சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பாக மாற்றி உள்ளே வைத்தால் ஒவ்வொரு விகித மாற்றமும் தெளிவாகத் தெரியும். 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை எப்படியும் கிட்ஹப் ஏற்காது.

ரிவர்ட், ரீசெட் பற்றி. கணக்கில் தவறான ஜர்னல் பதிவு விழுந்துவிட்டால் அதை அழித்துவிட்டு எழுதமாட்டீர்கள், எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வீர்கள் அல்லவா? ரிவர்ட் அந்த எதிர்ப்பதிவு. தவறான கமிட்டும் இருக்கும், அதை நேர்மாறாக்கும் புதிய கமிட்டும் இருக்கும். ரீசெட் கிளையையே பின்னுக்கு நகர்த்திவிடுகிறது. புஷ் செய்துவிட்ட எதற்கும் ரிவர்ட்தான். இன்னும் உங்கள் கணினியை விட்டுப் போகாத கமிட்டை ஒழுங்குபடுத்த ரீசெட்டைப் பயன்படுத்தலாம். அதிலும் ஹார்டு என்று சேர்த்தால், கமிட் செய்யாத மாற்றங்கள் எல்லாம் போய்விடும், அவற்றை கிட்டால் மீட்டுத்தர இயலாது. கமிட் செய்தவை அப்படி அல்ல: கிளையின் முனை எங்கெல்லாம் நின்றது என்ற குறிப்பு ரீஃப்லாக்கில் இருக்கும், இயல்பான அமைப்பில் 90 நாள்வரை, எந்தக் கிளையிலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்பவற்றுக்கு 30 நாள்வரை. தொலைந்ததாக நினைத்த கமிட்டை அதில் தேடி எடுத்தவர்கள் பலர். பெரிய சோதனை ஏதேனும் செய்யும் முன், அரைகுறையாக இருந்தாலும் சொந்தக் கிளையில் ஒரு கமிட் போட்டுவிடச் சொல்வது இதனால்தான்.


முலுண்ட் நிரலர் எழுதியது:

மீதி இரண்டும் சிறியவை. ஆஸ்கி என்ற அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதியில் இல்லாத எழுத்துகள் உள்ள பெயர்களை கிட் இயல்பாக எட்டடி எண்களாகக் காட்டுகிறது. தமிழுக்கான யூனிகோடு குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற பதிவு முறையில் மூன்று பைட் என்பதால் 340, 256 அல்லது 257 என்று தொடங்கும் மூன்று மூன்று எண்களாகத் தெரியும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, காட்டும் முறை மட்டும்தான் அது. கோர்.குவோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்துவிட்டால் பெயர்கள் தமிழிலேயே தெரியும். ஆனாலும் நிரல் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதையே நான் விரும்புவேன். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் பதிய யூனிகோடு இடம் தருகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் கிட்டுக்கு இரண்டு கோப்புகளாகிவிடும்.

முழுக் கோப்பும் மாறியதாகத் தெரிவது வரி முடிவுக் குறியால். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இரண்டு குறிகளை வைக்கிறது, லினக்ஸ் ஒன்றை மட்டும் வைக்கிறது. யாருடைய எடிட்டர் அதை மாற்றிச் சேமித்தாலும் எல்லா வரியும் மாறியதாகவே டிஃபில் வரும். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே அமைப்பதைவிட, கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற கோப்பை ரெப்போவின் மேல்மட்டத்தில் வைத்து, அதில் எல்லாக் கோப்புகளுக்கும் டெக்ஸ்ட் ஈக்வல்ஸ் ஆட்டோ என்ற ஒரு வரியை எழுதி கமிட் செய்யுங்கள். அது மூவருக்கும் சேர்த்துச் செல்லும். அதன் பிறகு கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் என்ற தேர்வோடு ஒருமுறை ஓட்டி, அந்த மாற்றத்தை வேறு எதோடும் கலக்காமல் தனி கமிட்டாகப் பதிந்துவிடுங்கள். அதைச் செய்யும் நேரத்தில் மற்ற இருவரும் தத்தம் வேலையைப் புஷ் செய்து முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்புக்குக் கோப்பு மோதல் வரும்.